நுரை சொன்ன பொய்

"பாஸ், நம்ம தொழில்ல குடிச்சவனை விசாரிச்சிருக்கோம், குடிக்க வெச்சவனை விசாரிச்சிருக்கோம். பீப்பாயையே விசாரிக்கிறது இதான் முதல் தடவை," என்றான் டஸ்டி மில்லர்.

ரோவெனா பைக் அவனை முறைத்தாள். அவர்களுக்கு முன்னால் ஐரிஸ் ஹார்ட்னெட் உறைபனி நொறுங்கும் புல்லில் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். ஷெட் கதவின் முன் நின்று, உதட்டில் விரலை வைத்துத் திரும்பினாள்.

"கேளுங்க."

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து வந்தது அந்தச் சத்தம். ப்ளுப். சிறிது இடைவெளி. மறுபடியும் ப்ளுப்.

"காலையில விறகு எடுக்க வந்தேன். இந்தச் சத்தம் கேட்டு விறகை அப்படியே கீழ போட்டுட்டேன். செத்துட்டார்னு சொல்றவர் ஷெட்ல பீர் எப்படிங்க பொங்கும்?"

ஐரிஸின் கணவன் ஆல்பி போன வாரம் ஹியூவான் ஆற்றில் மீன் பிடிக்கப் போனவன். அவனுடைய சிறு படகு கவிழ்ந்த நிலையில் நாணலுக்குள் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. போலீஸ் படகுகள் தேடின, ஊர்க்காரர்கள் தேடினார்கள். நேற்று காலை போலீஸ் தேடுவதை நிறுத்திக்கொண்டது. இன்று காலை ஷெட்டில் சத்தம் கேட்டதும் ஐரிஸ் போலீசுக்குத்தான் முதலில் போன் செய்தாள். பீர் பொங்குவதெல்லாம் சாட்சியாகாது என்று அங்கே பக்குவமாகச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் ஹோபார்ட் நகரில் இருந்த ரோவெனாவின் துப்பறியும் அலுவலகத்துக்குப் போன் வந்தது.

ஷெட்டுக்குள் முளைகட்டிய பார்லியின் மால்ட் வாசனை இதமாக இருந்தது. மேசைமேல் முப்பது லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, இடுப்பில் சூடாக்கும் பெல்ட் கட்டிக்கொண்டு நின்றது. பாதி ஒளி புகும் அதன் சுவருக்குள், கரும்பழுப்புத் திரவத்தின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு நுரை ஏறியிருந்தது. மூடியில் செருகியிருந்த வளைந்த ஏர்லாக் குழாயில் கொஞ்சம் தண்ணீர். உள்ளேயிருந்து கிளம்பும் காற்று அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்போதுதான் சத்தம் வந்தது.

"இதை அவர் எந்த நிலைமையில விட்டுட்டுப் போனார்?" என்று ரோவெனா கேட்டாள்.

"போறதுக்கு முந்தின நாள் மால்ட்டைக் காய்ச்சி, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு, கொதிக்கக் கொதிக்க அந்தச் சதுரக் கேன்ல ஊத்தி மூடிட்டார். அது அப்படியே சீல் ஆயிடும். ஆறினப்புறம் எப்ப வேணா டிரம்ல ஊத்திக்கலாம். ஈஸ்ட்டைத் தனியா அந்தக் குடுவையில வளர்த்து இந்த ஷெட் ஃபிரிட்ஜ்ல வெச்சார். அதை விட்டாத்தான் பீர் பொங்கும்." ஐரிஸ் மூலையில் காலியாகக் கிடந்த கேனையும், கழுவிக் கவிழ்த்திருந்த கண்ணாடிக் குடுவையையும் காட்டினாள். "அடுத்த மாசம் எங்க கல்யாண நாள். அதுக்காகக் காய்ச்சினது."

"ஈஸ்ட்டை அவர் எப்படித் தயார் பண்ணுவார்?"

"முப்பது வருஷமா கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாயிடுச்சு. மால்ட் பொடியைக் கொதிக்க வெச்சு ஆற வெப்பார். போன தடவை மிச்சம் வெச்ச ஈஸ்ட்டை அதுல விடுவார். கெட்டுப்போன கம்ப்யூட்டர் ஃபேனை வெச்சு அவரே ஒரு மெஷின் பண்ணியிருக்கார் பாருங்க, அது ராத்திரி பூரா கலக்கிட்டே இருக்கும். அப்புறம் ஃபிரிட்ஜ்ல வெச்சா ஈஸ்ட் கிரீம் மாதிரி அடியில படியும். மேல நிக்கிற தண்ணியைக் கொட்டிடுவார். அது பீர்ல கலந்தா ருசி கெடும்னு சண்டையே போடுவார். கிரீமை மட்டும் டிரம்ல விடுவார். ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த தடவைக்குன்னு சின்ன பாட்டில்ல வெச்சுப்பார்."

"எங்க வீட்டுல நாயைக்கூட இவ்வளவு அக்கறையா வளர்க்கல," என்றான் டஸ்டி.

ஐரிஸ் சட்டென்று சிரித்தாள். சிரித்த பிறகு, தான் சிரித்துவிட்டதை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரோவெனா டிரம்முக்குப் பக்கத்தில் குனிந்தாள். அவளுடைய முதல் கணவன் பீர் காய்ச்சுகிறவன். அந்தக் கல்யாணத்தில் அவள் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான விஷயம் அது.

"இந்த நுரைக்கு வயசு ஒரு நாள்," என்றாள். "போன வாரமே ஈஸ்ட் விட்டிருந்தா இந்நேரம் எல்லாம் அடங்கி, சுவர்ல கறை மட்டும்தான் இருக்கும். நேத்துதான் யாரோ ஈஸ்ட்டை விட்டிருக்காங்க. நேத்து நீங்க வீட்லதானே இருந்தீங்க?"

"டாக்டர் குடுத்த மாத்திரையைப் போட்டுக்கிட்டு மத்தியானம் படுத்தேன். சாயங்காலம் வரைக்கும் நினைவே இல்ல."

"ஷெட் சாவி?"

"பூந்தொட்டிக்கு அடியில. தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க."

ரோவெனா ஏர்லாக்கைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். குழாயிலிருந்த தண்ணீர் பழுப்பாக இருந்தது.

"டீயா?" என்று டஸ்டி மூக்கை நீட்டினான்.

"ஆத்துத் தண்ணி," என்றாள் ஐரிஸ் மெதுவாக.

ஹியூவானின் தண்ணீர் எப்போதுமே பால் விடாத டீயின் நிறம்தான். ஆனால் வீட்டுக் குழாயில் வருவது கூரையிலிருந்து தொட்டியில் சேர்ந்த மழைத் தண்ணீர், பளிங்கு போல் இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் குழாய் இருந்தது. ரோவெனா அதைத் திறந்தாள். வீட்டின் பின்பக்கம் பம்ப் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பம்ப் எங்க இருக்கு?"

"என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே."

இந்த இடத்தில் ரோவெனா நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் முடிச்சு அவிழும்போது வாய் சும்மா இருக்காது, அது அவளுடைய பழைய வியாதி.

"அப்ப வந்தவர் திருடன் இல்ல. திருடனுக்கு நீங்க தூங்கினா என்ன, எழுந்தா என்ன? வந்தவர் ஆத்துல இருந்து நேரா வந்திருக்கார். சாவி இருக்கிற இடம் தெரியும். குழாயைத் திறந்தா பம்ப் ஓடும், நீங்க எழுந்துடுவீங்கன்னும் தெரியும். உங்க தூக்கம் கலையக் கூடாதுன்னு, கையோட கொண்டுவந்த பாட்டில் தண்ணியை இதுல ஊத்தியிருக்கார்."

அவள் சொன்னது அடையாளம். ஐரிஸின் காதில் விழுந்தது பெயர்.

"அவர் என்னைத் தூக்கத்துல எழுப்பினதே இல்ல," என்றாள் ஐரிஸ். "விடியல்ல மீன் பிடிக்கக் கிளம்பினாக்கூட, பூட்ஸைக் கையில தூக்கிட்டு வெறுங்காலோடதான் வாசல் வரைக்கும் போவார்."

"ஐரிஸ், நான் ஆல்பின்னு சொல்லல."

"நீங்க சொல்ல வேணாம். எனக்குக் காலையிலேயே தெரியும். மெர்வ்கிட்டயும் சொன்னேன். ஒரு வாரமா அவன்தான் படகை எடுத்துக்கிட்டு தேடறான், ஆல்பியோட சின்ன வயசு சிநேகிதன். காலையில என்னைப் பாக்க வந்தான். 'மெர்வ், அவர் வந்துட்டுப் போயிருக்கார்'னு சொன்னதும் அவனுக்குப் பேச்சே வரல. தலையில அடிபட்டு நினைவு தப்பி, எங்கயாவது காட்டுல சுத்திட்டிருப்பார். ஷெட்டு மட்டும் ஞாபகம் இருந்திருக்கும். அப்படி நடக்கும்தானே? நடக்கும்னு படிச்சிருக்கேன்."

நடக்காது என்று சொல்ல ரோவெனாவுக்கு வாய் வரவில்லை. அவள் பார்வை டிரம்மின் பக்கச் சுவருக்குப் போயிற்று. அங்கே ஆல்பி, கேன் கொள்ளும் அளவுக்குப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தான். அலமாரியில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தாள். சுத்தமாக, உலர்ந்து, காலியாக இருந்தது. அதைத் திரும்ப வைத்தாள்.

"நாங்க போய் விசாரிச்சுட்டு வரோம். அதுவரைக்கும் நீங்க வீட்டை விட்டு எங்கயும் போக வேணாம்," என்றாள்.

ஐரிஸ் தலையாட்டினாள். அவள் கண்களில் இருந்த வெளிச்சத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ரோவெனா காருக்கு நடந்தாள்.

கார் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே ஆற்றங்கரைச் சாலையில் இறங்கியது. டஸ்டி ஓட்டினான். டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவன், வாயடக்கம் இல்லாமல் அந்த வேலையை இழந்தவன்.

"என் கணக்கு இதுதான், பாஸ். ஆளு வேற யாரோடயோ ஓடிட்டான். படகைத் தானே கவுத்துட்டான். எல்லாத்தையும் விட்டுட்டுப் போக முடிஞ்சவனுக்கு பீரை மட்டும் விட்டுட்டுப் போக மனசு வரல. எனக்கு அவனைப் புரியுது."

"டிரம்ல ஒரு கோடு பாத்தியா?"

"பாத்தேன்."

"பீர் அந்தக் கோட்டுக்கு எங்க இருந்தது?"

"ரெண்டு விரக்கடை மேல." டஸ்டி யோசித்தான். "சரி, கை தவறிக் கொஞ்சம் கூட ஊத்தியிருப்பான்."

"கேன்ல இருந்து ஊத்தினது கோடு வரைக்கும்தான் வரும். அதுக்கு மேல வந்தது குடுவையில இருந்த தண்ணி. ருசி கெட்டுடும்னு சண்டை போட்டுக் கொட்டுவாரே, அந்தத் தண்ணி. அதையும் சேர்த்து மொத்தமா கவுத்திருக்காங்க. அடுத்த தடவைக்கு ஒரு ஸ்பூன் கூட எடுத்து வைக்கல. குடுவையைக் கழுவியே வெச்சுட்டாங்க. முப்பது வருஷம் ஒரே மாதிரி பண்ணின கை, தலையில அடிபட்டாலும் அதையேதான் பண்ணும்."

டஸ்டி காரின் வேகத்தைக் குறைத்தான்.

"இன்னொண்ணு," என்றாள் ரோவெனா. "செத்துப் பிழைச்சு வீட்டுக்கு வந்தவன், பொண்டாட்டி முழிச்சுக்கக் கூடாதுன்னு பூனை மாதிரி நடந்து, பீப்பாயைப் பாத்துட்டுத் திரும்பிப் போவானா? அவ முகத்தை ஒரு தடவை எட்டிப் பாக்க மாட்டானா?"

"அப்ப வந்தது புருஷன் இல்ல. அவ மேல அக்கறை இருக்கிறவன், ஈஸ்ட் விடத் தெரியாதவன், தினமும் ஆத்துல இருக்கிறவன்." டஸ்டி ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தான். "காலையில விஷயத்தைக் கேட்டு வாயடைச்சுப் போனவன்."

"படகுத்துறைக்கு விடு."

துறையில் ஒரே ஒரு அலுமினியப் படகுதான் இருந்தது. அதன் விளிம்பில் மெர்வ் டாய்ல் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தோள் அகன்ற, தாடி நரைத்த ஆள். ஒரு வாரமாகக் கத்திக் கத்தி அவன் தொண்டை கட்டிப்போயிருந்தது.

டஸ்டி படகில் கிடந்த பாட்டிலைப் பார்த்தான். அதிலும் பழுப்புத் தண்ணீர்.

"இதைத்தான் குடிக்கிறீங்களா?"

"மேல பாலத்துக்கிட்ட பிடிச்சது. நல்லா இருக்கும். வேணுமா?"

"ஏர்லாக்குக்கும் இதையேதான் ஊத்தினீங்களா, மெர்வ்?" என்று கேட்டாள் ரோவெனா.

கயிறு கையிலிருந்து நழுவியது. அவன் மறுக்க முயலவே இல்லை. யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காலையிலிருந்து காத்திருந்தவன் போல இருந்தான்.

"கிளம்பறதுக்கு முந்தின நாள் ஆல்பி என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டான். குடுவையைக் காட்டி, 'டேய் மெர்வ், இது என் பிள்ளை, எனக்கு ஏதாவது வேலை வந்துட்டா நீதான் இதை டிரம்ல விடணும், ரொம்ப நாள் போட்டு வெச்சா செத்துடும்'னான். சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுதான். நேத்து போலீஸ்காரங்க படகைக் கரையேத்திட்டுப் போயிட்டாங்க. நான் மட்டும் பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பினேன். இனிமே என்ன பண்றதுன்னு தெரியல. வீட்டுக்குப் போக மனசில்ல. ஐரிஸ் எப்படி இருக்கான்னு பாக்கப் போனேன். தூங்கிட்டிருந்தா. ஷெட்டுக்குள்ள போனேன், குடுவை அங்கயே இருந்தது."

அவன் உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"அவங்க கல்யாண நாளுக்குன்னு காய்ச்சினது, மேடம். அவனைத்தான் கொண்டுவர முடியல. அவன் பீரையாவது அந்த நாளுக்குக் கொண்டுவந்து சேப்போம்னு நினைச்சேன். கேன்ல இருந்ததை ஊத்தினேன், குடுவையில இருந்ததை ஊத்தினேன், மிச்ச பாட்டில் தண்ணியில குடுவையை அலசி வெச்சேன், பெல்ட்டை மாட்டினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒழுங்கா பண்ணினேனான்னு கூடத் தெரியல."

"பொங்குது," என்றான் டஸ்டி. "நல்லாவே பொங்குது."

"சொல்லிடலாம்னுதான் காலையில போனேன். கதவைத் திறந்தா. கையில ரொட்டித் துண்டு. ஒரு வாரமா பச்சைத் தண்ணி இறங்காதவ, ரொட்டியைக் கடிச்சுக்கிட்டே 'அவர் வந்துட்டுப் போயிருக்கார்'ங்கிறா. அந்த ரொட்டியை அவ கையில இருந்து எப்படிங்க பிடுங்குவேன்?"

இதே இடத்தில் ரோவெனாவும்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். ஷெட்டில் நின்று அவள் அடுக்கடுக்காகச் சொன்ன கெட்டிக்காரத்தனம், மெர்வ் செய்த தவற்றைவிட ஐரிஸை ஆழமாகக் கொண்டுபோய் விட்டிருந்தது.

"ரெண்டு நாள் விட்டுடுங்களேன்," என்றான் மெர்வ். "ரெண்டே நாள் சாப்பிட்டுத் தூங்கட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

ரோவெனா போனை எடுத்து ஐரிஸ் வீட்டுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு முறை அடித்தாள். யாரும் எடுக்கவில்லை.

"ஐரிஸ் வேற ஏதாவது கேட்டாங்களா, காலையில?"

மெர்வின் முகம் மாறியது. "பாலத்துக்கு மேல காட்டுக்குள்ள ஒரு பழைய குடிசை இருக்கு. அங்க யாராவது தேடினாங்களான்னு கேட்டா. இந்தப் பனியில அங்க யாரும் போக மாட்டாங்கன்னு சொன்னேன்."

அடுத்த நிமிடம் மூவரும் காரில் இருந்தார்கள். டஸ்டி வளைவுகளில் கூட வேகத்தைக் குறைக்கவில்லை. மேலே போகப் போகத் தோட்டங்கள் முடிந்து காடு நெருங்கியது. சாலையோரத்தில் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. பாலத்தருகே ஐரிஸின் கார் கதவு திறந்தபடி நின்றிருந்தது.

அவள் அதிக தூரம் போயிருக்கவில்லை. போகிற வழி முழுக்க விழுந்த மரங்களும் ஐஸும். ஒரு முறை வழுக்கி விழுந்திருந்தாள், முழங்கால் வரை சேறு. ஒரு கையில் ஆல்பியின் கம்பளிக் கோட்டு, இன்னொரு கையில் பிளாஸ்க். ஆற்றின் விளிம்பில் நின்று, எதிர்க்கரைக் காட்டைப் பார்த்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மூவரையும் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. தேட உதவிக்கு ஆள் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

"நல்லவேளை வந்தீங்க. மெர்வ், நீ அந்தப் பக்கமா போ. டஸ்டி, உங்க குரல் பெரிசு, இங்கயே நின்னு கூப்பிடுங்க."

ரோவெனா ஓரடி முன்னால் வைத்தாள். மெர்வ் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே முன்னால் போனான்.

"ஐரிஸ். ஈஸ்ட்டை விட்டது நான்."

அவளுக்குப் புரியவில்லை. அவன் திரும்பச் சொன்னான். ஆல்பி ஷெட்டில் சொன்னதைச் சொன்னான், அவள் தூங்கிக்கொண்டிருந்ததைச் சொன்னான், பம்ப் போடாமல் பாட்டில் தண்ணீரை ஊற்றியதைச் சொன்னான். கட்டிப்போன தொண்டையில் பாதி வார்த்தைகள் காற்றாகவே வந்தன. ஆறு இரைந்து ஓடிக்கொண்டிருந்ததால் சிலவற்றை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது.

ஐரிஸ் அழவில்லை. ரோவெனாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஷெட்லயே சந்தேகம் வந்தது. அங்கயே சொல்லியிருக்கணும். சொல்லல."

"நீங்க சொன்னதெல்லாம் அவருக்குத்தானே பொருந்துச்சு."

"மெர்வுக்கும் பொருந்துது, ஐரிஸ்."

ஐரிஸ் மெதுவாகத் தலையாட்டினாள். கோட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். டஸ்டி தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் மாட்டினான். காதுவரை இழுத்துவிட்டான்.

துப்பறிய இனி அங்கே ஒன்றுமே மிச்சமில்லை. யார் என்று தெரிந்துவிட்டது, ஏன் என்றும் தெரிந்துவிட்டது. கைது செய்ய ஆளில்லை, மீட்டுக் கொடுக்கப் பொருளில்லை. இத்தனை வருடத் தொழிலில் ரோவெனா தன் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றது அன்றுதான்.

"வீட்டுக்குப் போகலாம் ஐரிஸ், இருட்டறதுக்குள்ள," என்றான் மெர்வ்.

"போகலாம்." அவள் நகரவில்லை. "எனக்குப் புரியுது மெர்வ். நான் பைத்தியம் இல்ல. ஆனா இவ்வளவு தூரம் வந்தாச்சு. இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிட்டுட்டு வரேன்."

அவள் ஆற்றைப் பார்த்துத் திரும்பி, கூப்பிட்டாள். ஆல்பி. குரல் தண்ணீரைத் தாண்டிப் போய், மரங்களில் பட்டு, அமுங்கியது.

மெர்வ் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். மிச்சமிருந்த குரலைக் கூட்டி அவனும் கூப்பிட்டான். பிறகு டஸ்டி, பெரிய குரலில்.

பதில் வரப்போவதில்லை என்று நால்வரிலும் உறுதியாகத் தெரிந்தவள் ரோவெனா. சேற்றில் இறங்கி ஐரிஸின் மறுபக்கம் போய் நின்றாள். தான் ஒருமுறைகூடப் பார்த்திராத அந்த மனிதனின் பெயரைச் சொல்லி, அவளும் கூப்பிட்டாள்.